மனைபுகு தெய்வ இலக்கணம்

பாயிரம்

நூல் என்றால் பாயிரம் வேண்டும் என்பது மரபு. இந்நூலின் பெயர் மனைபுகு தெய்வ இலக்கணம். நுதலிய பொருள்: குடியிருப்புக்குள் சாமி வந்து சேரும் வழிகள், அதற்கு அக்கம்பக்கத்தார் சொல்லும் ஆட்சேபணைகள், இரண்டுக்கும் நடுவே மேசை மேசையாக நகரும் கோப்பு. வழங்கும் எல்லை: வடக்கே ஈச்சனாரி, தெற்கே பொள்ளாச்சி, நடுவில் கிணத்துக்கடவு. கேட்போர்: சைட் வாங்கியவர், வாங்கப்போகிறவர், சைட் போட்டு விற்றுவிட்டு போனை எடுக்காதவர். பயன் யாதோ எனின், திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் ஆபீஸ் வரிசையில் நிற்கும்போது, தாம் எந்த இயலில் நிற்கிறோம் என்று தெரிந்து நிற்கலாம்.

எடுத்துக்காட்டுக்கு ஓர் ஆள் வேண்டும். இலக்கண நூல்களில் வருபவனும் உண்பவனும் போகிறவனும் எப்போதும் சாத்தன்தான். இங்கும் அவரே. மணிமேகலை பாடியவர் பெயரும் அதுவே என்பது தற்செயல். நம் சாத்தன் வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர். கிணத்துக்கடவில் பொள்ளாச்சி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளிய ஒரு லேஅவுட்டில் ஐந்தரை சென்ட் வைத்திருக்கிறார். அதில் புத்தருக்கு ஒரு சின்ன மண்டபம் கட்டி, காலையும் மாலையும் நாலு பேர் உட்கார வேண்டும் என்பது அவர் ஆசை. அவர் செய்த ஒரே பிழை அதற்கு அனுமதி கேட்டது. ஏன் பிழை என்பதை விளக்கவே நூல் எழுந்தது.

தோற்றவியல்

சாமி ஊருக்குள் புகும் வகை எத்தனை என்பதில் உரைகாரர்கள் ஒத்துப்போவதில்லை. நாம் பார்த்த வரையில் சொல்வோம்.

முதலாவது, முந்துவகை. அதாவது சாமி முதலில், வீடு பிறகு. பொன்மலை வேலாயுதசாமி இவ்வகைக்குத் தலை. மலைமேல் நிற்கிறவரை எந்த மாஸ்டர் பிளான் எந்த நிறத்தில் காட்டினாலும் அவருக்கு ஒன்றுமில்லை. கடையாக வருவது தோட்டத்து வேப்பமரத்தடிக் கருப்பராயனும் கன்னிமாரும். தோட்டம் சைட்டாக மாறும்போது கிணற்றை மூடுவார்கள், தென்னையை வெட்டுவார்கள், சாளையை இடிப்பார்கள். கன்னிமாரின் ஏழு கல்லை மட்டும் எவனும் தொடமாட்டான். வரைபடத்தில் அந்த இடம் ‘பூங்கா’ என்று பச்சையாக இருக்கும். இவ்வகைக்கு ஆட்சேபணை கிடையாது. இருந்தாலும் எழுதிக் கொடுக்க ஆள் கிடையாது.

இரண்டாவது, வளர்வகை. நூலில் நீண்ட பகுதி இதற்கே உரியது. தெரு நேராக வந்து ஒரு வீட்டு வாசலில் முட்டினால் அது தெருக்குத்து. பரிகாரம், காம்பவுண்டுச் சுவரில் ஓரடி மாடமும் அதில் பிள்ளையாரும். முதல் வருஷம் அவ்வளவே. மழையில் நனைகிறார் என்று தகரம். நாய் வருகிறது என்று கிரில் கேட். இருட்டாக இருக்கிறது என்று வீட்டு மீட்டரிலிருந்து ஒரு ஒயர். சதுர்த்திக்குச் சுண்டல், சுண்டல் குண்டாவை வைக்கத் திண்டு, திண்டின்மேல் டைல்ஸ், டைல்ஸில் உபயதாரர் பெயர். சுவருக்குள் இருந்தவர் இப்போது ரோட்டுக்கு இரண்டடி இறங்கிவிட்டார். கும்பாபிஷேகம் வரும்போது முப்பதடி ரோட்டில் எட்டடி மண்டபத்துக்குப் போயிருக்கும். குப்பை வண்டி வளைந்து போகப் பழகியிருக்கும். டிரைவர் ஒரு கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டே திருப்புவார். இந்தப் படிகளில் எந்த இடத்தில் ‘கட்டடம்’ பிறந்தது என்று எந்தச் சர்வேயரும் விரல் வைத்துக் காட்ட முடியாது. காட்ட முடியாததற்கு நோட்டீஸ் கொடுக்கவும் முடியாது.

பொதுத் தெரு, பூங்கா, மற்றப் பொது இடங்களில் கோயில், சர்ச், மசூதி, குருத்வாரா முதலிய பெயர்களில் அனுமதியில்லாத கட்டடம் இனி எழக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2009 செப்டம்பரில் உத்தரவிட்டது. விகாரை ‘முதலிய’வுக்குள் அடங்கும். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாடு முழுவதற்கும் பௌத்தர் 11,000 சொச்சம் பேர்தான் என்பதால், பட்டியலில் தனி இடம் கேட்கும் நிலையிலும் அவர்கள் இல்லை.

மூன்றாவது, உள்வகை. வீட்டுக்குள்ளேயே பெருகுவது. தன் வீட்டில் குடும்பத்தோடு கும்பிட யாரும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. வீடே கூடமாகி வெளியாட்கள் வழக்கமாகத் திரண்டால் அது வேறு. இரண்டுக்கும் எல்லைக்கல் எங்கே என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் ஏறிய வழக்குகள் பல. தீர்ப்புகளும் ஒரே பக்கம் சாய்ந்தவை அல்ல. நடைமுறையில் அக்கம்பக்கத்தார் கையாளும் அளவை வாசல் செருப்பு. ஆறு ஜோடி வரை விருந்தாளி, அதற்கு மேல் சபை. செருப்பை உள்ளே விடச் சொல்லும் புத்திசாலிகளும் உண்டு.

நான்காவது, பெயர்மாறிய வகை. கொங்கின் கிழக்கு வாசலான சேலத்தில் இதற்கு ஒப்பற்ற சான்று இருக்கிறது. பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் என்று ஊரார் கும்பிட்டுவந்த சிலை புத்தருடையது என்று ஒரு பௌத்த அறக்கட்டளை 2011-ல் வழக்குப் போட்டது. தொல்லியல் வல்லுநர்கள் பார்த்தார்கள். தாமரைமேல் அமர்ந்த நிலை, தியான முத்திரை, வெட்டுண்டு பின்பு சிமெண்டும் சுண்ணாம்பும் வைத்து ஒட்டிய தலை. புத்தரேதான் என்றார்கள். 2022 ஜூலையில் உயர் நீதிமன்றம் அதை ஏற்று, இடத்தைத் தொல்லியல் துறை எடுத்துக்கொள்ள வேண்டும், இது புத்தர் சிலை என்று பலகை வைக்க வேண்டும், பூசை எதுவும் நடக்கக்கூடாது என்று சொன்னது. முனியப்பனாக இருந்தவரை தினமும் கும்பிடு கிடைத்தது. புத்தர் என்று நிரூபணமானதும் பலகை கிடைத்தது. வகைமாற்றத்தின் விளைவை இவ்வளவு துல்லியமாகக் காட்டும் சான்று வேறு நூல்களில் இல்லை.

ஐந்தாவது, படைவகை. இது நம் எல்லைக்கு வெளியே, கடலுக்கு அப்பால். யாழ்ப்பாணம் காங்கேசன்துறைப் பக்கம் தையிட்டியில் தமிழர்களின் தனியார் காணிகளில், படையினர் பிடித்து வைத்திருந்த நிலத்தில், திஸ்ஸ விகாரை எழுந்தது. காணிக்காரர்கள் 2023 முதல் தெருவில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். புதிதாக வழிபாட்டிடம் கட்டினால் அமைச்சின் அனுமதி வேண்டும் என்று அந்நாட்டில் 2008-லேயே சுற்றறிக்கை உண்டு. அது யாருக்கு என்று கேட்கக்கூடாது. கிணத்துக்கடவில் ஐந்தரை சென்ட்டுக்கு மனுவோடு நிற்பவரும் தையிட்டியில் யாரையும் கேட்காமல் அமர்ந்தவரும் ஒரே புத்தர். இதனால் பெறப்படுவது, இவ்விலக்கணத்தில் வகுப்பு சாமியை வைத்து அல்ல, சாமிக்குப் பின்னால் நிற்கும் ஆளை வைத்து. பழைய உரைகள் இதை விட்டுவிட்டன.

ஆறாவதும் கடையுமானது விண்ணப்பவகை. கட்டுவதற்கு முன்பே கேட்பது. மிக அரிது. சாத்தன் இவ்வகை.

ஆட்சேபணையியல்

ஆட்சேபணை எதுவானாலும் மங்கல வாழ்த்தோடுதான் தொடங்கும். ‘சாமிக்கு நாங்க எதிரி இல்லீங்க.’ இது இல்லாத மனுவை எந்த ஆபீஸிலும் பார்த்ததில்லை. வாழ்த்து முடிந்து பொருளுக்கு வரும்போது நான்கைந்தாகப் பிரியும்.

ஒலி ஆட்சேபணை மூத்தது. சென்னை மாதவரம் நெடுஞ்சாலைப் பக்கம் கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனிக்காரர்கள் ஒரு பெந்தெகொஸ்தே ஜெபக்கூடத்தின்மேல் போட்ட வழக்கு இதற்கு மூல நூல். ட்ரம் செட், கிட்டார், ஒலிபெருக்கி. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளந்து பார்த்து, சத்தம் ரோட்டு வண்டிகளுடையது என்றும் ஓர் அறிக்கை கொடுத்தது. ஆனாலும் 2000 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், அடுத்தவர் நிம்மதியைக் கெடுத்து வழிபடச் சொல்லும் மதம் எதுவும் இல்லை என்று காலனிக்காரர் பக்கமே நின்றது. அதே ஆண்டு வந்த ஒலி மாசு விதிகள் குடியிருப்புக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று கோடு போட்டன. நம் பக்கத்து மாரியம்மன் நோம்பியில் ஜமாப் இறங்கி உருமி ஏறும்போது அந்தக் கோடு எங்கே போகிறது என்று எவரும் பார்ப்பதில்லை. பார்க்க மனமும் இல்லை, ஏனென்றால் அடிக்கிறவன் நம் மாமன் பையன். எதிர்த்தரப்புச் சாமிக்குத்தான் மீட்டர் கொண்டுவருவார்கள்.

வண்டி ஆட்சேபணை இளையது, இப்போது மூத்ததை முந்திவிட்டது. ‘பார்க்கிங் எங்கீங்க?’ இதே தெருவில் டியூஷன் சென்டர் வந்தபோதும், வீட்டு மாடி பிசியோதெரபி சென்டர் ஆனபோதும் வராத கேள்வி இது. தக்காளிப் பெட்டி ஏற்றிய மினி லாரி ராத்திரி முழுக்கத் திருப்பத்தில் நின்றாலும் வராது. லாரி போய்விடும், சாமி போகாது என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். அதில் நியாயம் இருக்கிறது என்பதையும் உரைகாரன் ஒப்புக்கொள்ள வேண்டும்.

விலை ஆட்சேபணை ஒருபோதும் மனுவில் எழுதப்படாது. டீக்கடையில் மட்டும் பேசப்படும். நாளை ஆட்சேபணை என்பது ‘இன்னைக்கு இவங்களுக்கு விட்டா நாளைக்கு அவங்க வருவாங்க’ என்பது. அந்த அவங்க யார் என்று கேட்டால் பேச்சு வேறு பக்கம் போய்விடும். மனப்புண் ஆட்சேபணைதான் எல்லாவற்றிலும் வலுவானது, ஏனெனில் விதிகளே அதற்கு நாற்காலி போட்டிருந்தன. 1972-ன் மாவட்ட நகராட்சிக் கட்டட விதிகளில் 6(4), 1997-ன் ஊராட்சிக் கட்டட விதிகளில் 4(3). பொது வழிபாட்டுக்கான கட்டடம் என்றால் கலெக்டரின் முன்அனுமதி வேண்டும். அக்கம்பக்கத்தார் மனம் புண்படுமா, அமைதி கெடுமா என்று அவர் பார்ப்பார். மற்றக் கட்டடங்களுக்கு அடி, அங்குலம், தளப்பரப்பு என்று அளக்கிறார்கள். இதற்கு மட்டும் அளவுகோல் பக்கத்து வீட்டுக்காரர் நெஞ்சு.

இனி இவற்றைச் சாத்தனின் மண்டபத்தின்மேல் பொருத்திக் காண்க. மேளம் இல்லை, மைக் இல்லை, வாணம் இல்லை, கிடாவெட்டு இல்லை, தேர் இல்லை, அன்னதானப் பந்தல்கூட இல்லை. வருகிறவர்கள் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டு எழுந்து போவார்கள். ஒலி ஆட்சேபணை முளைக்க மண்ணே கிடையாது. அப்படியானால் ஆட்சேபணை குறைய வேண்டும் அல்லவா எனின், அற்றன்று. லேஅவுட் நலச்சங்கக் கூட்டம் ஒன்றைக் கற்பித்துக் காட்டுவோம்.

‘ஏனுங்ணா, சத்தமே வராதுன்னா உள்ளே என்னதானுங்க பண்ணுவாங்க?’

‘சும்மா உக்காந்திருப்பாங்களாமா.’

‘சும்மா உக்கார்றதுக்கு எதுக்குங்ணா மண்டபம்? திண்ணை போதாதா?’

‘அதான் எனக்கும் டவுட்டு.’

சத்தம் இருந்தால் சத்தத்தை எதிர்க்கலாம். சத்தம் இல்லாதபோது எதிர்ப்பு வேறு பற்றுக்கோடு இல்லாமல் தன் சொந்த உருவத்தில் நிற்க நேர்கிறது. ஆட்சேபணையைக் கலப்பில்லாமல் ஆராய விரும்புவோர் புத்தரைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். மற்ற சாமிகளில் அது எப்போதும் ஸ்பீக்கரோடு கலந்தே கிடைக்கிறது.

இதை நம்மூர்ச் சரக்கு என்று எண்ண வேண்டாம். கலிபோர்னியாவில் ஹசியெண்டா ஹைட்ஸ் என்ற இடத்தில் தைவான் பௌத்தர்கள் ஷி லாய் கோயில் கட்ட ஆறு பொது விசாரணைகளையும் நூற்றுக்கு மேற்பட்ட அக்கம்பக்கக் கூட்டங்களையும் கடந்து 1988-ல் முடித்தார்கள். அதே மாநிலத்தின் வால்நட் நகரம் 2008-ல் ஒரு ஜென் தியான மையத்துக்கு அனுமதி மறுத்தது. அதற்கு முன் குறைந்தது 1980 முதல் எந்த வழிபாட்டிடத்துக்கும் அந்நகரம் மறுத்ததில்லை என்று சொல்லி அமெரிக்க நீதித்துறையே 2010-ல் நகரத்தின்மேல் வழக்குப் போட்டது. மறு ஆண்டு சமரசம். கனெக்டிகட்டின் நியூடவுனில் கம்போடிய பௌத்தர்களுக்குக் கிடைத்த மறுப்பை 2008-ல் அம்மாநில உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. அங்கே வண்டி, கூட்டம் என்ற பழைய காரணங்களோடு கட்டடத்தின் கீழைநாட்டுத் தோற்றம் சுற்றுப்புறத்துக்கு ஒட்டாது என்ற புதிய காரணமும் முன்வைக்கப்பட்டது. அலபாமாவின் மொபைல் நகரில் தாய்லாந்துக்காரர்கள் ஒரு தியான மையத்துக்காக ஆண்டுக்கணக்கில் கோர்ட்டுக்கு நடந்தார்கள். எல்லா இடத்திலும் வாதி தரப்பு கண்ணை மூடி உட்கார்ந்திருப்பதாகச் சொல்ல, பிரதிவாதித் தரப்பு டிராபிக் பற்றிப் பேசியது.

கோப்பியல்

சாத்தனின் மனு நகரும் வழி: கலெக்டர் ஆபீஸில் பெறப்பட்டு, கோட்டாட்சியருக்கு, அங்கிருந்து தாசில்தாருக்கு, பிறகு கிராம நிர்வாக அலுவலருக்கு இறங்கும். இணையாகப் போலீஸ், பேரூராட்சி, தீயணைப்பு. இறங்கியது அனைத்தும் அறிக்கையோடு ஏற வேண்டும். ஒவ்வோர் அறிக்கையிலும் கடைசி வரி ‘மேலதிகாரியின் முடிவுக்குப் பணிந்து அனுப்பப்படுகிறது’ என்று முடிவதால், முடிவு எடுப்பவர் யார் என்பது மேலே மேலே போய்க்கொண்டே இருக்கும்.

முற்காலத்தில் இது எளிதாக இருந்தது என்பார் உளர். மணிமேகலைக் காப்பியத்தில் அதன் நாயகி சோழன் மாவண்கிள்ளியிடம் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கக் கேட்கிறாள், அவனும் உடனே ஆக்குகிறான். நில உபயோக மாற்றத்தில் தமிழில் பதிவான மிக விரைவான உத்தரவு இதுவே. கைதிகளுக்குப் பார்க்கிங் கேட்ட செய்தி காப்பியத்தில் இல்லை. ஆனால் அது காப்பியம். கல்லிலும் செம்பிலும் பொறித்ததைப் பார்த்தால் கதை வேறு. நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய அரசன் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரை விட்டுக்கொடுத்தான். லெய்டன் பெயரால் வழங்கும் பெரிய செப்பேடு அந்தக் கோப்பு. அரசன் வாயால் சொன்னதைக் கேட்டு எழுதியவன் ஒருவன், ஓலை எழுதியவன் ஒருவன், ஒப்பிட்டவர் சிலர், வரிப்பொத்தகத்தில் ஏற்றியவர் சிலர். பிறகு ஒரு பெண் யானையை ஊர் எல்லையைச் சுற்றி நடத்தி, அது போன வழியில் கல்லும் கள்ளியும் நட்டார்கள். 21ஆம் ஆட்சியாண்டில் சொன்னது 23ஆம் ஆண்டில்தான் ஆவணமாக முடிந்தது. செப்பேட்டில் பொறித்தது மகன் ராஜேந்திரன் காலத்தில். பேரரசன் கேட்டுக்கொண்ட கோப்பே இந்த வேகம் என்றால் சாத்தன் பொறுமை இழக்கலாகாது. யானையாவது நடந்தது, இப்போது ‘கள ஆய்வு செய்யப்பட்டது’ என்பதற்கு எவரும் நடந்தே தீர வேண்டும் என்பதில்லை.

அதே நாகப்பட்டினத்தில் 19ஆம் நூற்றாண்டு வரை நின்ற மூன்று அடுக்குச் செங்கல் கோபுரத்தை 1867-ல் ஏசு சபைப் பாதிரிமார் முறைப்படி அரசாங்க அனுமதி பெற்று இடித்தார்கள். ஆக, பௌத்தக் கட்டடத்துக்குத் தமிழகத்தில் கிடைத்த அனுமதிகளில் இடிக்கும் அனுமதியையும் ஒரு வகையாகச் சேர்க்கவேண்டியிருக்கிறது.

தற்காலிக அனுமதி என்று ஓர் உட்பிரிவும் உண்டு. 1954 ஜனவரியில் ஈரோட்டில் பெரியார் புத்தர் மாநாடு கூட்டினார். பந்தல் போட்டார்கள், பேசினார்கள், பந்தலைப் பிரித்தார்கள். கலைந்துவிடும் மாநாடு எத்தனை பெரிதானாலும் எந்தத் தெருவும் தாங்கிக்கொள்ளும். நிரந்தரமாக நாலு பேர் உட்காருவதுதான் தொந்தரவு.

இவ்வியலில் கற்போர் மனனம் செய்ய வேண்டியது ஒன்று. 2,500 சதுர அடி வரையான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுவதற்கு 2024 ஜூலையிலிருந்து சுயசான்று போதும். ஆன்லைனில் விவரம் ஏற்றிப் பணம் கட்டினால் உடனே அனுமதி கையில். யாரும் நெஞ்சைத் தொட்டுச் சொல்ல வேண்டியதில்லை. ஐந்தரை சென்ட் என்பது ஏறக்குறைய 2,400 சதுர அடி. சாத்தன் கணக்கில் கொஞ்சம் சுமார். இந்த வழியைக் கண்டுபிடிக்க அவருக்கு மூன்று தாசில்தார் மாறும் காலம் ஆயிற்று.

புறனடை

மேல் இயல்களில் அடங்காதவை புறனடையில் கொள்ளப்படும். அவற்றுள் முதன்மையானது ஷோபீஸ் புத்தர்.

கிணத்துக்கடவுக் குடியிருப்புகளில் புத்தர் ஏற்கனவே பெருவாரியாகக் குடியேறிவிட்டார். டிவி யூனிட்டுக்கு மேல் தலை மட்டும், ஸ்டீல் கேட்டில் லேசர் வெட்டில் பக்கவாட்டு முகம், போர்டிகோவில் ஃபைபரில் மூன்றடி, அதன் தோள்வழியே மோட்டாரில் நீர் வழியும் ஃபவுண்டன். கிரகப்பிரவேசத்துக்கு ஆறு பேர் ஆறு புத்தர் கொடுத்து, இரண்டைத் திருப்பிக் கொடுக்க வழி தெரியாமல் வைத்திருக்கும் வீடுகள் உண்டு. இவர்கள் யாருக்கும் விதி 6(4) கிடையாது. தாசில்தார் அறிக்கை கிடையாது. அழகுக்கு வைத்தால் புத்தர் தளவாடம். கைகூப்பினால் மட்டுமே அவர் வழிபாட்டிடம். வரிவிலக்கு கேட்காதவரை சட்டத்துக்கு இதில் பேச்சில்லை.

எனவே சாத்தன் மனுவைத் திரும்பப் பெற்றார் என்று முடிப்போம். வரைபடத்தில் ‘தியான மண்டபம்’ என்று இருந்த இடத்தில் ‘ஹால்’ என்று எழுதினார். மேலே இரண்டு பெட்ரூம், ஒரு சமையலறை. சுயசான்று, அன்றே அனுமதி. ஹாலில் உட்காருகிறார், செருப்பு எப்போதும் ஐந்து ஜோடிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்கிறார். பாக்கி இருந்த ஆசைக்கு, தெருப் பார்த்த காம்பவுண்டுச் சுவரை ஒட்டி, பூச்செடி நடுவே ஒரு ஃபவுண்டன் புத்தர்.

சாத்தன் வீட்டு வாசலில்தான் நாலாவது குறுக்குத்தெரு நேராக வந்து முட்டுகிறது. இதை எவரும் முன்பு கவனிக்கவில்லை. எதிர் வீட்டு அம்மாயி கவனித்தார். ‘கண்ணை மூடிட்டு அமைதியா உக்காந்திருக்காரு, நல்ல சாமியாட்ட இருக்குது’ என்று வெள்ளிக்கிழமை ஓர் அகல் வைத்தார், அடுத்த வாரம் செவ்வந்தி. தண்ணீர் தெறித்து விளக்கு அணைகிறது என்று மோட்டாரை நிறுத்தச் சொன்னார். மழைக்கு ஒரு தகரம் போட்டாயிற்று. இப்போது நாய் வருகிறது என்று கிரில் கேட்டுக்கு வசூல் நடக்கிறது. சாத்தனுக்கு எதிரான மனுவில் முதல் கையெழுத்துப் போட்டவர்தான் வசூல் நோட்டை வைத்திருக்கிறார். தன் பெயருக்கு நேரே ஐந்நூற்றொன்று என்று எழுதியும் இருக்கிறார்.